கூட்டுக் கல்விக்குக் கருவி மட்டும் போதுமா?

பலர் கூடிச் செய்யும் காரியம் சிறக்கும் என்பது இந்நாட்டு மக்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை. ஊர் கூடித் தேர் இழுத்தல் என்னும் வழக்கே அதற்குச் சான்று. ஆனால் தேர்த் திருவிழாவைக் கூர்ந்து நோக்கியவர் மற்றோர் உண்மையையும் அறிவர். வடத்தைப் பற்றிய கைகள் யாவும் வடத்தை இழுப்பதில்லை. சில கைகள் முழு வலிமையுடன் இழுக்கின்றன. சில கைகள் வடத்தைத் தொட்டுக்கொண்டு உடன் நடக்கின்றன. தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பின்னர், இழுத்தவர் யார், நடந்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. திருவிழாவுக்கு அது குறையன்று. கல்விக்கோ அது பெருங்குறை. கல்வியில் தேர் நிலைக்கு வந்தால் மட்டும் போதாது. வடம் பிடித்த ஒவ்வொருவர் தோளும் வலிமை பெறவேண்டும்.

இந்தியாவின் உயர் கல்வி நிலையங்களில் 2021-22 ஆம் ஆண்டில் 4.33 கோடி மாணவர்கள் பயின்றனர் என்று மத்தியக் கல்வி அமைச்சின் கணக்கெடுப்பு கூறுகிறது. இத்தனை பேருக்கும் ஆசிரியர் ஒருவரே நேர் நின்று யாவற்றையும் கற்பித்தல் இயலாது; மாணவர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளவும் வழி காணவேண்டும். அதற்கேற்ற சாதனங்கள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. பலர் ஒரே சமயத்தில் எழுதியும் திருத்தியும் வரக்கூடிய பொது ஏடுகள், வினா விடை மன்றங்கள், அட்டவணைகள் முதலியன கணிப்பொறியிலும் கைபேசியிலும் இயங்குகின்றன. எனினும் இவை பல்கலைக் கழகங்களில் உபயோகிக்கப்படும் விதம் மனநிறைவு அளிப்பதாக இல்லை. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோய்ப் பரவலினால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, வகுப்புக்கள் இணையத்துக்கு மாறின. ஆனால் அங்கேயும் பெரும்பாலும் ஒருவர் பேசினார்; அறுபது பேர் கேட்டனர். கூடிப் பணியாற்றுவதற்கென அமைந்த சாதனம் ஒலிபெருக்கியாகவே பயன்பட்டது. ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கட்டுரை எழுதப் பணித்தால், ஒருவர் எழுதுவதும் ஐவர் பெயரைச் சேர்த்துக்கொள்வதும் ஆசிரியர்கள் நன்கு அறிந்த செய்தியே.

இந்நிலைக்குக் கருவியின் குறைபாடு காரணமன்று. மாணவரின் சோம்பலும் முழுக் காரணமாகாது. பணியைப் பகுத்துக் கொடுக்கும் முறையிலும் மதிப்பெண் வழங்கும் முறையிலுமே குறை உள்ளது. அவற்றைச் செப்பம் செய்யாமற் கருவிகளை வாங்குவது, வாய்க்கால் வெட்டாமல் அணை கட்டுவது போலாகும்.

சாதனத்தின் சிறப்பு

1995 ஆம் ஆண்டில் வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநர், படிப்பவர் எவரும் அவ்விடத்திலேயே திருத்தக்கூடிய இணையப் பக்கம் ஒன்றை அமைத்தார். விரைவு என்னும் பொருள் தரும் ஹவாய் மொழிச் சொல்லை எடுத்து அதற்கு விக்கி என்று பெயரிட்டார். 2001 ஆம் ஆண்டில் தோன்றிய விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் இம்முறையைப் பின்பற்றி வளர்ந்தது. கல்லூரிகள் தம் கணிப்பொறியிலேயே நிறுவி, கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய மூடுல் என்னும் அமைப்பு 2002 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பின்னர்ப் பல நிறுவனங்கள் பொது ஏடுகளை வழங்கலாயின.

இவற்றின் சிறப்பாகப் பொதுவாகக் கூறப்படுவது, தொலைவில் உள்ளோர் ஒன்றுகூடி எழுதலாம் என்பதே. கல்வி நோக்கில் அதனினும் சிறந்த பண்பு வேறொன்று உண்டு. இத்தகைய ஏடுகள் ஒவ்வொரு மாற்றத்தையும், அதனைச் செய்தவர் பெயருடனும் நேரத்துடனும் குறித்து வைக்கின்றன. எந்த வாக்கியத்தை எவர் எழுதினார், எவர் திருத்தினார், எந்தப் பிழை எத்தனை நாள் கவனிக்கப்படாது கிடந்தது என்பவற்றை ஆசிரியர் பின்னோக்கிச் சென்று பார்க்கலாம். காகிதத்தில் எழுதிய குழுக் கட்டுரையில் இவ்வசதி கிடையாது. அது முடிந்த தேரோட்டத்தைப் போன்றது; இழுத்த கைகளை அது காட்டுவதில்லை. திருத்த வரலாறு என்னும் இப்பதிவைப் பெரும்பாலான ஆசிரியர்கள் திறந்து பார்ப்பதே இல்லை என்பதுதான் வருந்தத் தக்கது.

வடம் இழுத்த ஆராய்ச்சி

கூட்டுப் பணியில் தனி மனிதர் முயற்சி குறைகிறது என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர்களுள் ஒருவர் உளவியல் அறிஞர் அல்லர். வேளாண் பொறியியல் வல்லுநர். பிரான்சு நாட்டைச் சேர்ந்த மாக்சிமிலியன் ரிங்கெல்மான் என்பவர், மனிதரும் மாடுகளும் இயந்திரங்களும் பாரம் இழுக்கும் திறனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆராய்ந்தார். அதன் முடிவுகள் 1913 ஆம் ஆண்டில் வெளியாயின. தனியே இழுக்கும்போது ஒருவர் காட்டும் வலிமையை 100 எனக் கொண்டால், இருவர் சேர்ந்து இழுக்கையில் ஒவ்வொருவருடைய பங்கும் 93 ஆகவும், நால்வர் சேர்கையில் 77 ஆகவும், எண்மர் சேர்கையில் 49 ஆகவும் குறைந்தன. எட்டுப் பேர் கூடியும் நால்வர் வலிமையே கிடைத்தது.

இக்குறைவுக்கு இரு காரணங்கள் இருக்கக்கூடும். எல்லாரும் ஒரே கணத்தில், ஒரே திசையில் இழுக்க முடியாமற் போதல் ஒன்று. தம் முயற்சியைத் தாமே தளர்த்திக்கொள்ளுதல் மற்றொன்று. 1974 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் சிலர் இவ்விரண்டையும் பிரித்தறிய முற்பட்டனர். கண்ணைக் கட்டிக்கொண்டு கயிறு இழுத்த ஒருவரிடம், பின்னால் மற்றவர்களும் இழுக்கின்றனர் என்று கூறினர். உண்மையில் அவர் மட்டுமே இழுத்தார். அப்போதும் அவர் முயற்சி குறைந்தது. இடறுவதற்கு வேறு எவரும் இல்லாதபோதும் கை தளர்ந்ததெனின், பிறர் இருக்கின்றனர் என்னும் எண்ணமே தளர்வுக்குக் காரணம் ஆதல் வேண்டும். 1979 ஆம் ஆண்டில் பிப் லட்டானேயும் அவருடைய தோழர்களும் கைதட்டுதல், கூவுதல் ஆகியவற்றிலும் இதே தளர்ச்சியைக் கண்டனர்.

அவர்கள் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொடர் ஆராய்ச்சி கல்வித் துறையினர் மனத்திற் கொள்ளத் தக்கது. குழுவினுள் ஒவ்வொருவருடைய ஒலியும் தனித்தனியே அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோது, தளர்ச்சி மறைந்தது. குழுவில் இருந்தும் தனியே இருந்தபோது போலவே முயன்றனர். மனிதர் இயல்பாகவே சோம்பேறிகள் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தவறு. தம் உழைப்பு எவர் கண்ணிலும் படாது என்ற இடத்தில் ஊக்கம் குறைவதும், அது தெரியும் என்ற இடத்தில் ஊக்கம் மீள்வதும் மனித இயல்பு. அவ்வாறாயின், ஒவ்வொருவர் பங்கையும் குறித்து வைக்கும் ஏடு ஆசிரியர் கையில் எத்துணைப் பயனுள்ள கருவி என்பது சொல்லாமலே விளங்கும்.

இரு இந்திய அனுபவங்கள்

இத்தகைய முயற்சிகள் இந்தியாவில் நடைபெறாமல் இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்த இரண்டை ஒப்பு நோக்குதல் பயன் தரும்.

2011 ஆம் ஆண்டில் புனே நகரக் கல்லூரிகள் சிலவற்றில், மாணவர்கள் தம் பாடத்தின் ஒரு பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் எழுதும் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. நோக்கம் உயர்ந்தது. ஆசிரியர் ஒருவர் மட்டும் படித்துவிட்டுக் கட்டி வைக்கும் கட்டுரைக்குப் பதிலாக, உலகமே படிக்கக்கூடிய கட்டுரையை மாணவர் எழுதுவர் என்று எதிர்பார்க்கப்பட்டது. பெருந்தொகையான மாணவர்கள் ஒரே பருவத்திற் சேர்ந்தனர். ஆனால் பலர் நூல்களிலிருந்தும் இணையப் பக்கங்களிலிருந்தும் வாசகங்களை அப்படியே எடுத்து ஒட்டினர். அவற்றைக் கண்டுபிடித்து நீக்கும் சுமை, சம்பளம் இன்றிப் பணிபுரியும் கலைக்களஞ்சியத் தொண்டர்கள் மேல் விழுந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அம்முன்னோடித் திட்டம் நிறுத்தப்பட்டது.

அம்மாணவரைக் குறை கூறுவது எளிது. ஆயினும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாடநூல் வாசகத்தை மாறாது ஒப்புவிப்பதற்கே பள்ளிக் காலம் முதல் மதிப்பெண் பெற்று வந்தவர்கள் அவர்கள். பிறர் எழுத்தைத் தம் சொற்களில் சுருக்கி, எடுத்த இடத்தைக் குறிப்பிடவேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் முறையாகப் பயிற்றவில்லை. அனுபவமிக்க வழிகாட்டிகளோ மாணவர் தொகைக்குப் போதுமானவர்களாக இல்லை. எழுதிப் பழகுவதற்கு உரிய தனியிடத்தில் முதலில் எழுதிப் பார்க்காமல், நேரே பொதுமன்றத்தில் பலரும் இறங்கினர். நீச்சல் கற்பிக்காமல் ஆற்றில் இறக்கிவிட்டு, மூழ்கியவரைக் குறை கூறுதல் நியாயமன்று.

மற்றோர் அனுபவம் காச நோய் பற்றியது. விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி மன்றம் 2008 ஆம் ஆண்டில், மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியை எல்லாரும் பங்குகொள்ளும் பொதுப் பணியாக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. காச நோய்க் கிருமியின் பாரம்பரிய அமைப்பு முழுவதும் 1998 ஆம் ஆண்டிலேயே எழுத்துப்படுத்தப்பட்டிருந்தது. ஏறக்குறைய 44 இலட்சம் எழுத்துக்கள் கொண்ட அவ்வமைப்பில் சுமார் 4,000 ஜீன்கள் உள்ளன. ஆயின் அவற்றுட் பலவற்றின் தொழில் இன்னதென்று தெளிவாகவில்லை. தெரிந்த செய்திகளும் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகளிற் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடிப் படித்துத் தொகுக்க ஒரு சோதனைச்சாலைக்குப் பல்லாண்டுகள் தேவைப்படும். ஆகவே 2010 ஆம் ஆண்டில் நாடெங்கிலும் உள்ள கல்லூரி மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் இணையத்தின் வாயிலாக அழைக்கப்பட்டனர். பல நூறு பேர் முன்வந்தனர். ஜீன்கள் குழுக்களுக்குப் பகுத்துக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொருவரும் தமக்குரிய ஜீன்களைப் பற்றிய கட்டுரைகளைப் படித்து, வகுக்கப்பட்ட ஒரே முறையில் பொது ஏடுகளிற் பதிவு செய்தனர், பதிவுகள் சரிபார்க்கப்பட்டன.

அதன் பயன் 2012 ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது. 1,434 புரதங்களையும் அவற்றுக்கிடையே உள்ள 2,575 தொடர்புகளையும் காட்டும் வரைபடம் ஒன்று உருவாயிற்று. கிருமியின் ஜீன் தொகுதியில் 87 சதவீதத்துக்குத் தொழிற்குறிப்பு எழுதப்பட்டது. மருந்து தாக்குவதற்கேற்ற இலக்குகளாக 17 புரதங்கள் சுட்டப்பட்டன. அவற்றுள் ஐந்து ஏற்கெனவே வேறு ஆராய்ச்சிகளால் மெய்ப்பிக்கப்பட்டிருந்தன. மாணவர் பலரின் பெயர்கள் கட்டுரையாசிரியர் வரிசையில் இடம் பெற்றன. இலக்கைச் சுட்டுவது மருந்தைக் கண்டுபிடிப்பது ஆகாது. அவ்விரண்டுக்கும் இடையே உள்ள வழி மிக நீண்டது. அவ்வளவில் மிகைப்படுத்தாமல் நோக்கினும், பட்டப் படிப்பு மாணவர்கள் மெய்யான ஆராய்ச்சியிற் பங்குகொள்ள இயலும் என்பது நிறுவப்பட்டது.

இவ்விரண்டும் முற்றிலும் ஒத்தவை அல்ல என்பதையும் கூறுதல் நேர்மை. காச நோய்ப் பணிக்கு வந்தவர்கள் தாமே விரும்பி வந்தவர்கள். புனே மாணவர்கள் பாடத்திட்டத்தின் வாயிலாக வந்தவர்கள். எனினும் விருப்பம் ஒன்றே வேற்றுமைக்குக் காரணமாகிவிடாது. ஒன்றில் ஒவ்வொருவருக்கும் பிறருக்கு இல்லாத தனிப் பங்கு இருந்தது, அதை எவ்வாறு செய்வது என்னும் முறை வகுக்கப்பட்டிருந்தது, சரிபார்ப்பவர் இருந்தனர், முடிவில் பெயர் நின்றது. மற்றொன்றில் இவை போதிய அளவில் அமையவில்லை. இரண்டிலும் கருவி ஏறக்குறைய ஒன்றே.

நான்கு நிபந்தனைகள்

இவற்றிலிருந்து நான்கு நிபந்தனைகளை வகுக்கலாம். முதலாவது, ஒவ்வொரு மாணவரிடமும் மற்றவரிடம் இல்லாத ஒரு பகுதி இருத்தல் வேண்டும். 1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் ஆரன்சன் என்னும் உளவியல் அறிஞர் வகுத்த முறை இதற்கு எடுத்துக்காட்டு. பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை அளித்தார். அதை அவர் கற்று மற்றவருக்குக் கற்பித்தாலன்றிக் குழுவினர் பாடத்தை முழுதும் அறிய இயலாது. அதுவரை ஒதுக்கி வைக்கப்பட்ட சிறுவனுடைய சொல்லுக்கும் அன்று செவிசாய்க்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, ஒருவர் செய்ததை மற்றொருவர் சரிபார்த்தல் வேண்டும். சரிபார்ப்பதும் பணியின் ஒரு பகுதியாகக் கருதப்பட வேண்டும். மூன்றாவது, எவர் எதைச் செய்தார் என்பது ஏட்டில் நிற்கவேண்டும். நான்காவது, முடிவில் கிடைப்பது எவருக்கேனும் பயன்பட வேண்டும். விடை முன்பே தெரிந்த வினாவைக் கூடி ஆராய்வதில் எவருக்கும் ஆர்வம் பிறவாது.

ஒரு மாதிரித் திட்டம்

இந்நிபந்தனைகளைச் சாதாரணக் கல்லூரி ஒன்றிலும் நிறைவேற்றலாம். பட்ட வகுப்பு இரசாயன மாணவர்கள் நீரின் கடினத் தன்மையை அளக்கும் சோதனையைச் செய்வது வழக்கம். அறுபது மாணவர்களும் ஒரே கல்லூரிக் குழாயின் நீரை அளக்கின்றனர். விடை ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றே. பியூரெட்டில் தாம் கண்ட அளவை எழுதாமல், அடுத்தவர் ஏட்டில் கண்ட அளவை எழுதும் வழக்கம் எந்தக் கல்லூரிக்கும் புதிதன்று. சோதனையைச் செய்து முடித்தவர்க்கும் அந்நீரைப் பற்றி எண்ணுதற்கு ஏதுமில்லை.

அதற்கு மாறாக, ஒவ்வொரு மாணவரும் தம் ஊர்க் கிணறு அல்லது ஆழ்குழாயிலிருந்து ஒரு புட்டி நீர் கொண்டுவரட்டும். அறுபது மாணவர்க்கு அறுபது நீர்நிலைகள். தாம் கொண்டுவந்த நீரை ஒவ்வொருவரும் அளப்பர். எவருடையது என்று தெரியாதபடி எண்ணிட்ட மற்றொரு புட்டியையும் அளப்பர். இரு அளவுகளும் ஒரே பொது அட்டவணையில், அளந்தவர் பெயருடன் பதிவாகும். அவை தம்முள் ஒவ்வாதபோது, அவ்விருவரும் சேர்ந்து மீண்டும் அளந்து, பிழை எங்கு நேர்ந்தது என்று ஓரிரு வாக்கியங்களில் எழுதவேண்டும். இவ்வாக்கியங்களே அப்பருவத்தின் சிறந்த பாடமாக அமையும். தம் பிழையைத் தாமே தேடிக் கண்டவர் அதை எளிதில் மறப்பதில்லை.

அட்டவணை நிறைவெய்தியதும் அதை இந்தியத் தர நிர்ணயத்துடன் ஒப்பிடலாம். குடிநீரின் கடினத் தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத் தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் அந்நிர்ணயம் கூறுகிறது. நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. எந்த ஊர் நீர் எல்லையைக் கடந்தது, அருகருகே உள்ள இரு கிணறுகள் ஏன் வேறுபடுகின்றன, மழைக்கு முன்னும் பின்னும் மாற்றம் உண்டா என்ற வினாக்கள் தாமே எழும். அவற்றுக்கு விடை ஆசிரியருக்கும் முன்னரே தெரியாது. அப்போதுதான் வகுப்பறையில் விஞ்ஞானம் தொடங்குகிறது. மாணவர் அளவீட்டை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஐயத்துக்குரிய நீரை உரிய அரசாங்கச் சோதனைச்சாலைக்கு அனுப்புவதற்கு அது முதற்குறிப்பாக உதவும்.

களப் பணியாளருக்கு உள்ள இடம்

இங்கே களப் பணியாளரின் உதவி பெரிதும் வேண்டப்படுகிறது. எந்த ஊரில் எந்தக் கேள்விக்கு விடை தேவை என்பதை அறிந்தவர்கள் அவர்களே. வேளாண் பல்கலைக் கழக மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கிப் பயிலுகின்றனர். அவர்கள் எழுதும் அறிக்கைகளுட் பல மதிப்பெண் பெற்றபின் அலமாரியில் உறங்குகின்றன. அடுத்த ஆண்டு அதே கிராமத்துக்கு வரும் மாணவர் முந்தியவர் எழுதியதை அறியாமலே முதலிலிருந்து தொடங்குகிறார். பயிர்ப் பூச்சிகள் தோன்றிய நாள், மழையளவு, விதைத்த இரகம் ஆகியவற்றைப் பொது ஏட்டில் ஆண்டுதோறும் தொடர்ந்து எழுதி வருவராயின், பத்தாண்டுகளில் அக்கிராமத்துக்கு வேறெங்கும் கிடைக்காத பதிவேடு ஒன்று அமையும். விரிவாக்க அலுவலர் அதைச் சரிபார்ப்பவராகவும் பயன்படுத்துபவராகவும் விளங்கலாம்.

இது வெறும் கனவன்று என்பதற்குக் கேரளப் பறவை வரைபடம் சான்று. 2015 முதல் 2020 வரை, கேரள வேளாண் பல்கலைக் கழகத்தாருடன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் சேர்ந்து, மாநிலம் முழுவதையும் சிறு கட்டங்களாகப் பகுத்து, கோடையிலும் மழைக் காலத்திலும் ஒரே முறையிற் பறவைகளை எண்ணினர். சுமார் 3 இலட்சம் பதிவுகளும் 361 பறவை இனங்களும் அதில் அடங்கின. கட்டம் ஒன்று, முறை ஒன்று, பெயர் ஒன்று என்னும் ஒழுங்கே அதற்கு அடிப்படை.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் ஆராய்தல் வேண்டும். முதலாவது, மின்சாரமும் இணையமும் கணிப்பொறியும் எல்லாக் கல்லூரிகளிலும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்பது. இது மெய்யான குறை. ஒரே கைபேசியைக் குடும்பத்தில் மூவர் பகிர்ந்துகொள்ளும் இல்லங்களில், அது பெண்மக்கள் கைக்குக் கடைசியாகவே வந்து சேரலாம். ஆகவே எல்லாரும் ஒரே நேரத்தில் இணையத்தில் இருந்தாக வேண்டிய பணிகளைத் தவிர்த்து, அவரவர் வசதிப்படி எழுதக்கூடிய பணிகளை அமைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கல்லூரிக் கணிப்பொறியில் பதிவு செய்தாலும் மேற்கூறிய நீர் அட்டவணை நிறைவேறும். அதுவும் இயலாத இடத்தில், துறை அலுவலகத்தில் ஒரு பெரிய கணக்கேட்டை விரித்து வைத்து, ஒவ்வொருவரும் கையொப்பத்துடன் எழுதலாம். முறை சரியாயின் காகிதமும் பயன் தரும்.

இரண்டாவது, வகுப்புக்கள் மிகப் பெரியவை, ஆசிரியர்க்கு நேரமில்லை என்பது. அறுபது கட்டுரைகளை ஒருவரே திருத்துவது எளிதன்று. ஆனால் மாணவரே முதற் சரிபார்ப்பைச் செய்வதால் அச்சுமை குறையும். ஆசிரியர் வாரந்தோறும் சில பதிவுகளை மட்டும் ஆழ்ந்து நோக்கினாற் போதும். தொடக்கத்தில் முயற்சி மிகுதியாக வேண்டும் என்பதை மறைத்தலாகாது. அதற்குரிய நேரத்தைப் பாடவேளைக் கணக்கிற் சேர்க்காமல், ஆசிரியரின் உற்சாகத்தை மட்டும் நம்பித் திட்டம் வகுப்பது முறையன்று.

மூன்றாவது, மாணவரின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்வது கண்காணிப்பாகிவிடும் என்பது. இவ்வச்சத்துக்கு இடமுண்டு. திருத்தங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பெண் அளித்தால், நாள்தோறும் காற்புள்ளிகளை இடம் மாற்றுபவரே முதலிடம் பெறுவர். அதிகம் எழுதாமல், ஒரு முக்கியமான பிழையைச் சுட்டிக் காட்டியவர் பின்தங்குவர். எண்ணிக்கையை விடுத்துப் பங்களிப்பின் தன்மையையே நோக்க வேண்டும். எவையெல்லாம் பதிவாகின்றன என்பதை மாணவருக்கு முதல் நாளே அறிவிக்க வேண்டும். பழகும் காலத்து ஏடு வகுப்பினர்க்கு மட்டும் திறந்திருக்கட்டும். தொடக்க நிலைப் பிழைகளை உலகறியச் செய்வதால் நன்மையில்லை. கல்லூரியே நிறுவி நடத்தும் அமைப்பாயின், மாணவர் விவரங்கள் பிற நிறுவனங்களின் கைக்குச் செல்லாமலும் காக்கலாம்.

நான்காவது வாதம் அண்மையில் எழுந்தது. 2022 ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் இயந்திரங்கள் மாணவரின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன; இனி எழுத்துப் பணியால் யாது பயன் என்று கேட்கின்றனர். முடிந்த கட்டுரையை மட்டும் பார்த்து மதிப்பெண் வழங்கும் முறைக்கே இவ்வினா பொருந்தும். இயந்திரம் எழுதிய பத்தியையும் மாணவர் ஏட்டில் ஒட்ட இயலும். திருத்த வரலாறு மட்டும் அதைத் தடுத்துவிடாது. ஆயினும் தம் ஊர்க் கிணற்று நீரை மாணவருக்காக இயந்திரம் மொண்டு வராது. தம் அளவும் தோழரின் அளவும் ஏன் வேறுபட்டன என்பதை நேரில் கேட்டால், செய்தவரே விடை கூற இயலும். முயன்ற வழியைக் காட்டும் பணிகள் முன்னிலும் அதிகமாக இன்று தேவைப்படுகின்றன.

மதிப்பெண்ணே திறவுகோல்

இவையனைத்தும் ஓரிடத்தில் வந்து நிற்கின்றன. மாணவர், எதற்கு மதிப்பெண் கிடைக்கிறதோ அதையே செய்வர். ஆசிரியர், எதற்கு அங்கீகாரம் கிடைக்கிறதோ அதற்கே நேரம் ஒதுக்குவர். கூட்டுப் பணி அவசியம் என்று கொள்கை அறிக்கைகளில் எழுதிவிட்டு, ஆண்டிறுதியில் மூன்று மணி நேரம் தனித்தமர்ந்து நினைவிலிருந்து எழுதுவதற்கே பெரும்பகுதி மதிப்பெண்ணை ஒதுக்கினால், மாணவர் எதை மெய்யென்று நம்புவர் என்பதிற் சந்தேகமில்லை.

ஆகவே அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதியைக் கூட்டுப் பணிக்கென ஒதுக்கி, அதனை மூன்றாகப் பகுத்தல் பொருத்தமாகும். பாதி, ஏட்டில் அவரவர் பெயரில் நிற்கும் பங்குக்கு. கால் பகுதி, பிறர் பணியைச் சரிபார்த்தமைக்கு. எஞ்சிய கால் பகுதி, குழு முழுவதும் கண்ட முடிவுக்கு. இவ்வாறாயின் நன்கு உழைத்தவர் பிறர் சோம்பலால் நட்டமடையார். உழையாதவர் பிறர் உழைப்பில் குளிர் காய இயலாது. குழுவின் வெற்றியிலும் எல்லார்க்கும் அக்கறை இருக்கும். மாணவர் தம் தாய்மொழியில் எழுதவும் இடமளித்தல் வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறுபவர் பேசாமல் ஒதுங்கி நிற்பதைக் கண்டு, அவருக்குச் சொல்லுதற்கு ஒன்றுமில்லை என்று ஆசிரியர் தவறாக எண்ணிவிடலாம்.

புதிய கணிப்பொறிகளுக்கு ஒதுக்கப்படும் தொகை ஆண்டு அறிக்கையில் எளிதிற் காட்டக்கூடியது. வினாவைத் திருத்தி அமைப்பதற்கும் மதிப்பெண் முறையை மாற்றுவதற்கும் ஆகும் செலவு சிறிது. ஆயின் அதற்குப் பாடக் குழுக்களின் துணிவும், தேர்வுத் துறையின் ஒத்துழைப்பும், ஆசிரியரின் பொறுமையும் வேண்டும். அதனாலேயே அது பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அடுத்த பருவம் தொடங்குமுன் ஒவ்வோர் ஆசிரியரும் தம் பாடத்தில் ஒரே ஒரு சோதனையைத் தேர்ந்தெடுத்து, அறுபது பேர்க்கும் அறுபது வேறு பங்குகளாக அதனைப் பகுக்க இயலுமா என்று எண்ணிப் பார்ப்பது நல்ல தொடக்கமாகும். வடத்தில் ஒவ்வொருவர்க்கும் உரிய பிடி இன்னதென்று அப்போது தெரியும். தேரும் நகரும், தோளும் உரம் பெறும்.